பேட்டரி, காந்தம், செம்புக் கம்பி: கம்பி ஏன் சுற்றுகிறது?

#1 தாமிரபரணி

வணக்கம். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக வீட்டிலேயே ஒரு குட்டி மோட்டார் செய்தாள். ஒரு பென்சில் பேட்டரி, பளபளப்பான வட்டக் காந்தம் ஒன்று, ஒரு சாண் செம்புக் கம்பி, அவ்வளவுதான். பேட்டரியின் மைனஸ் பக்கம் காந்தத்தை ஒட்டி, அதை அடியாக வைத்து நிறுத்த வேண்டும். கம்பியை இதய வடிவில் வளைத்து, நடுவில் இறங்கும் மடிப்பை ப்ளஸ் குமிழின் மேல் உட்கார வைக்க வேண்டும். இரண்டு கால்களும் கீழே காந்தத்தின் ஓரத்தை லேசாக உரசியபடி இருக்க வேண்டும்.

முதல் நாள் அசையவே இல்லை. பழைய ஃபேனிலிருந்து உருவிய கம்பி அது. மேலே எனாமல் பூச்சு இருப்பது மறுநாள்தான் நினைவுக்கு வந்தது. தொடுகிற மூன்று இடங்களிலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். திரும்ப வைத்ததும் கம்பி ஒருமுறை உதறிக்கொண்டது, அப்புறம் கிறுகிறுவென்று சுற்ற ஆரம்பித்துவிட்டது. இரவு பத்து மணிக்கு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கைதட்டினோம்.

அதற்கப்புறம் அவள் கேட்ட கேள்விகளுக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. செம்பு காந்தத்தில் ஒட்டாது. அப்படியானால் கம்பியைக் காந்தம் இழுக்கிறதா, தள்ளுகிறதா? இன்னொன்றும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். பேட்டரியைத் தலைகீழாக்கினால் கம்பி எதிர்த்திசையில் சுற்றுகிறது. காந்தத்தைத் திருப்பி ஒட்டினாலும் எதிர்த்திசைதான். இரண்டையும் சேர்த்துத் திருப்பினால் பழைய திசையிலேயே சுற்றுகிறது. விசை எந்தப் பக்கம் என்று விரல்களை வைத்துச் சொல்லும் இடக்கை விதி என்று ஒன்று படித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஏன் என்பது ஞாபகம் இல்லை. யாராவது குழந்தைக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்களேன்.

#2 கரும்பலகை

அம்மா, உங்கள் மகள் சரியான இடத்தைப் பிடித்துவிட்டாள். இழுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. பக்கவாட்டில் ஒதுக்குகிறது. அதுதான் இதில் இருக்கிற முழு அதிசயமும்.

1820இல் கோபன்ஹேகனில் ஆர்ஸ்டெட் என்ற பேராசிரியர், மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டி வைத்தால் முள் திரும்புவதைக் கண்டார். முள் கம்பியை நோக்கியும் போகவில்லை, விலகியும் ஓடவில்லை. கம்பிக்குக் குறுக்காக நிற்கப் பார்த்தது. அதுவரை அறிஞர்களுக்குத் தெரிந்த விசைகள் எல்லாம் இரண்டு பொருள்களை இணைக்கும் நேர்கோட்டிலேயே வேலை செய்தன. பூமி கல்லை இழுப்பது அப்படி, மின்னேற்றங்கள் ஒன்றையொன்று இழுப்பதும் விலக்குவதும் அப்படி. இது அந்தக் கோட்டை விட்டு விலகி வேலை செய்தது. அதனால்தான் ஐரோப்பா முழுவதும் அந்த ஆண்டு பரபரப்பாக இருந்தது.

அடுத்த ஆண்டு, 1821 செப்டம்பரில், லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடே அந்தப் பக்கவாட்டுத் தள்ளலைச் சுழற்சியாக மாற்றிக் காட்டினார். ஒரு கிண்ணத்தில் பாதரசம், நடுவில் நிற்கும் காந்தம், மேலிருந்து தொங்கும் கம்பியின் நுனி பாதரசத்தில் தொட்டுக்கொண்டிருக்கும். மின்சாரம் கொடுத்ததும் கம்பி காந்தத்தைச் சுற்றி வந்தது. உங்கள் வீட்டில் ஓடுவது அதே குடும்பம். பாதரசத்துக்குப் பதிலாகக் காந்தத்தின் ஓரமே தொடுமிடம்.

இனி உங்கள் இதயக் கம்பிக்கு வருவோம். மின்னோட்டம் ப்ளஸ் குமிழில் ஏறி, இரண்டாகப் பிரிந்து, இரண்டு கால்களிலும் கீழ்நோக்கி இறங்குகிறது. பிறகு காந்தத்தின் ஓரம் வழியாக உள்ளே போய் பேட்டரியின் மைனஸை அடைகிறது. காந்தப்புலம் காந்தத்திலிருந்து வெளிப்பக்கமாக விரிகிறது. இடது காலில் அது இடப்பக்கம் போகிறது, வலது காலில் வலப்பக்கம். மின்னோட்டம் இரண்டிலும் ஒரே திசை, புலம் மட்டும் எதிரெதிர். அதனால் ஒரு கால் நம்மை நோக்கித் தள்ளப்படுகிறது, மற்றது அந்தப் பக்கமாகத் தள்ளப்படுகிறது. கதவைச் சுழற்றுவது மாதிரி ஆகிவிடுகிறது. கம்பி எத்தனை முறை சுற்றினாலும் மின்னோட்டம் கீழேதான், புலம் வெளியேதான். ஆகவே கடையில் வாங்கும் பொம்மை மோட்டாரில் இருப்பது போல மின்னோட்டத்தைத் திருப்பிவிடும் கம்யூட்டேட்டர் இதற்குத் தேவையே இல்லை.

விசை எவ்வளவு? காந்தப்புலம், மின்னோட்டம், புலத்துக்குள் இருக்கும் கம்பியின் நீளம் மூன்றையும் பெருக்கினால் போதும். புலம் 0.1 டெஸ்லா, ஒரு காலில் 2 ஆம்பியர், நீளம் 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.004 நியூட்டன் வரும். அரை கிராமுக்கும் குறைவான எடை. ஊசிமுனையில் நிற்கிற கம்பிக்கு அதுவே தாராளம்.

#3 முதலாண்டு

பாப்பாவின் நோட்டுக்கு என் பதில். விசை என்பது மின்னோட்டமும் புலமும் பெருக்கி வருவது என்று ஐயா சொன்னாரே, அதில் ஒன்றுக்கு மைனஸ் போட்டால் விடை மைனஸ். இரண்டுக்கும் மைனஸ் போட்டால் ப்ளஸ். மூன்று வரியில் அந்தக் கணக்கைத்தான் அவள் எழுதி வைத்திருக்கிறாள்.

#4 ரீவைண்டிங் கடை

அந்த மூன்றாவது வரிதான் உங்கள் சமையலறை மிக்ஸி.

வீட்டுக்கு வருகிற கரண்ட் நொடிக்கு 100 தடவை திசை மாறுகிறது. 50 சுழற்சி, ஒவ்வொன்றிலும் இரண்டு திருப்பம். அப்படித் திசை மாறினால் மிக்ஸி முன்னும் பின்னும் உதறிக்கொண்டுதானே இருக்க வேண்டும்? இருப்பதில்லை. மிக்ஸிக்குள் நிலைக்காந்தம் கிடையாது. வெளியே காந்தப்புலம் உண்டாக்கும் ஃபீல்டு காயில், உள்ளே சுற்றுகிற காயிலான ஆர்மேச்சர், இரண்டும் கார்பன் பிரஷ் வழியாக ஒரே வரிசையில் இணைந்தவை. கரண்ட் திரும்பினால் ஃபீல்டும் திரும்புகிறது, ஆர்மேச்சரும் திரும்புகிறது. இரண்டுக்கும் மைனஸ், சுற்று மட்டும் அதே திசை. மிக்ஸியை எதிர்த்திசையில் ஓட வைக்க வேண்டுமானால் ஏதாவது ஒன்றின் இரண்டு முனைகளை மட்டும் மாற்றிக் கட்ட வேண்டும். வேலை கற்ற புதிதில் ஒரு ஃபீல்டு காயிலை மாற்றிக் கட்டி முதலாளியிடம் திட்டு வாங்கினேன். எட்டாம் வகுப்புக் குழந்தை அதைத் தானே கண்டுபிடித்திருக்கிறது. சந்தோஷமாக இருக்கிறது.

#5 தோட்டத்துக்காரன்

நல்ல இழை. எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். போன கோடையில் என் போர்வெல் மோட்டார் எரிந்துபோனது. மணல் ஏறி பம்பு இறுகிவிட்டது. மோட்டார் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை, ஆனால் கொஞ்ச நேரத்தில் வைண்டிங் போய்விட்டது. வேலை செய்கிற மோட்டார் மணிக்கணக்கில் ஓடுகிறது, ஒன்றும் ஆவதில்லை. சும்மா நிற்கிற மோட்டார் ஏன் எரிகிறது? வேலை செய்யாத மோட்டாருக்கு எதற்கு அவ்வளவு கரண்ட்?

கரண்ட் அளவு மீறினால் துண்டித்துவிடும் ஓவர்லோட் ரிலே இருந்தது. அதன் செட்டிங்கை யாரோ ஏற்றி வைத்திருந்தார்கள். அது வேறு வருத்தம்.

#6 மின்பொறியாளன்

இந்தக் கேள்விக்காகவே உள்ளே வந்தேன். மோட்டார் வடிவமைப்பில் 14 வருடம் ஓடிவிட்டது, எனக்கு இன்றும் பிடித்த விஷயம் இதுதான்.

காந்தப்புலத்தில் கம்பி நகர்ந்தால் அந்தக் கம்பியில் மின்னழுத்தம் தோன்றும். 1831இல் ஃபாரடே கண்டது. ஜெனரேட்டர் வேலை செய்வது இப்படித்தான். இப்போது மோட்டாரை யோசியுங்கள். அதன் கம்பியும் காந்தப்புலத்தில்தானே நகர்கிறது? புலத்துக்குத் தெரியுமா, கம்பியைக் கையால் சுற்றுகிறோமா கரண்ட் சுற்றுகிறதா என்று? ஆக, சுற்றிக்கொண்டிருக்கிற ஒவ்வொரு மோட்டாரும் அந்த நேரத்திலேயே ஜெனரேட்டராகவும் இருக்கிறது. அது உண்டாக்கும் மின்னழுத்தம் நாம் கொடுக்கும் மின்னழுத்தத்துக்கு எதிராக நிற்கிறது. எதிர் மின்னியக்கு விசை என்று பாடத்தில் வரும்.

கணக்காகப் பார்க்கலாம். 12 வோல்ட் டி.சி. மோட்டார் ஒன்று, அதன் காயில் மின்தடை 1 ஓம். நன்றாகச் சுற்றும்போது 1 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1 ஓமில் 1 ஆம்பியர் ஓட 1 வோல்ட் போதும். மீதி 11 வோல்ட்? மோட்டார் தானே உண்டாக்கிய எதிர் மின்னழுத்தம் அதைத் தடுத்து நிற்கிறது. இப்போது அச்சைப் பிடித்து நிறுத்துங்கள். அசைவு இல்லை, எதிர் மின்னழுத்தமும் இல்லை. 12 வோல்ட்டும் அந்த 1 ஓம் மேல் விழுகிறது. 12 ஆம்பியர். காயிலின் சூடு மின்னோட்டத்தின் இருமடிப்படி ஏறும். ஓடும்போது 1 வாட் சூடு, நின்றால் 144 வாட். அதுவும் காற்றடிக்கும் ஃபேன்கூடச் சுற்றாத நிலையில்.

அந்த 11 வோல்ட் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். 11 வோல்ட்டையும் 1 ஆம்பியரையும் பெருக்கினால் 11 வாட். அச்சில் சுழற்சியாக வெளிவரும் சக்தி அதுவேதான். எதிர்ப்பு இருந்தால்தான் வேலை நடக்கிறது. எதிர்ப்பே இல்லாவிட்டால் எல்லாம் சூடு.

உங்கள் போர்வெல் மோட்டார் ஏ.சி. இண்டக்ஷன் வகை. கணக்கு கொஞ்சம் மாறும். சுற்றுகிற பாகமான ரோட்டார் நின்றால், மோட்டார் வெளியீட்டுச் சுருள் (செகண்டரி) ஷார்ட் ஆன டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி ஆகிவிடும். விளைவு ஒன்றுதான். 5 எச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார் முழுச் சுமையில் 7, 8 ஆம்பியர் எடுக்கும். நின்ற நிலையில் அதன் ஆறு மடங்கு, 45 ஆம்பியர் போல. தினமும் ஸ்டார்ட் ஆகும்போதும் அவ்வளவு எடுக்கிறது, ஆனால் சில நொடிதான். உங்கள் மோட்டார் அந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டது.

#7 தாமிரபரணி

அடேயப்பா. சார், இதைக் கண்ணால் பார்க்க வழி இருக்கிறதா? கண்காட்சிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறாள்.

#8 கரும்பலகை

வழி இருக்கிறது. நான் வருடம் தவறாமல் வகுப்பில் செய்தது.

கெட்டுப்போன பொம்மைக் காரிலிருந்து ஒரு டி.சி. மோட்டார் எடுங்கள். இரண்டு பென்சில் பேட்டரி, இழை உள்ள பழைய டார்ச் பல்பு ஒன்று. எல்.இ.டி. வேண்டாம், அது இதற்கு உதவாது. பேட்டரி, பல்பு, மோட்டார் மூன்றையும் ஒரே வரிசையில் இணையுங்கள். மோட்டார் சுற்றும், பல்பு மங்கலாக இருக்கும் அல்லது எரியவே எரியாது. இப்போது அச்சை இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். வேகம் குறையக் குறைய பல்பு பிரகாசமாகும். முழுக்க நிறுத்தினால் பளிச்சென்று எரியும். விட்டால் மறுபடி மங்கிவிடும். அந்தப் பல்பு காட்டுவது மோட்டார் வழியாக ஓடுகிற கரண்ட்டை. விரலில் தெரிகிற சுமையும் கண்ணில் தெரிகிற வெளிச்சமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதைக் குழந்தை உணர்ந்துவிட்டால் அப்புறம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒன்றே என்பதை உலகம் பெரிய அளவில் பார்த்தது 1873இல், வியன்னா கண்காட்சியில். கிராம் என்பவர் செய்த ஜெனரேட்டர்கள் அங்கே வைக்கப்பட்டிருந்தன. ஒன்று உண்டாக்கிய மின்சாரத்தை நீளமான கம்பி வழியாக இன்னொன்றுக்குக் கொடுத்தார்கள். இரண்டாவது மோட்டாராகச் சுற்றியது. அதை வைத்து ஓட்டியதும் ஒரு தண்ணீர் பம்பைத்தான், தோட்டத்துக்காரரே.

#9 முதலாண்டு

எனக்கு ஒரு இடறல். காந்த விசை வேலையே செய்யாது என்று கல்லூரியில் நிரூபித்துக் காட்டினார்கள். நகரும் மின்னேற்றத்தின் மேல் காந்த விசை எப்போதும் அதன் திசைவேகத்துக்குச் செங்குத்தாகவே இருக்கும். செங்குத்தான விசை திசையை மாற்றலாம், ஆற்றலைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அப்படியானால் அந்த 11 வாட் எங்கிருந்து வருகிறது? புத்தகம் ஒன்று சொல்கிறது, மோட்டார் வேறொன்று செய்கிறது. இரண்டில் ஒன்று தப்பாக இருக்க வேண்டும்.

#10 கரும்பலகை

தம்பி, இரண்டும் சரி. இந்தக் கேள்வியைக் கேட்காமல் பட்டம் வாங்கிவிடுகிறவர்கள் நிறைய. நீ கேட்டது நல்லது.

கம்பிக்குள் இருக்கிற ஓர் எலக்ட்ரானை எடுத்துக்கொள். கம்பியின் நீளத்தில் அது ஓடுகிறது. கம்பியோ பக்கவாட்டில் நகர்கிறது. ஆக எலக்ட்ரானின் உண்மையான பாதை சாய்வானது. அந்தச் சாய்வுக்குச் செங்குத்தாகத்தான் காந்த விசை இருக்கும், அதனால் விசையும் சாய்வாக வரும். அதை இரண்டாகப் பிரி. ஒரு பகுதி கம்பியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அது சுழற்சி. இன்னொரு பகுதி எலக்ட்ரானைக் கம்பியில் பின்னோக்கித் தள்ளுகிறது. அதுதான் மேலே சொன்ன எதிர் மின்னழுத்தம். ஒன்று கொடுக்கிற ஆற்றலும் மற்றது பிடுங்குகிற ஆற்றலும் காசுக்குக் காசு சமம். கூட்டினால் பூஜ்யம். காந்தப்புலம் தன் கையிலிருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. பின்னோக்கித் தள்ளுவதை மீறி எலக்ட்ரானை விடாமல் ஓட்டுகிறதே பேட்டரி, செலவு முழுவதும் அதனுடையது.

வாய்க்காலில் மடை திருப்புவதைப் பார்த்திருப்பாய். மண்வெட்டியால் ஒரு கொத்து மண் போட்டால் தண்ணீர் அடுத்த பாத்திக்குத் திரும்புகிறது. தண்ணீரை ஓட வைப்பது அந்த மண் இல்லை. மேட்டில் இருக்கிற தொட்டியோ பம்போதான் ஓட வைக்கிறது. மண் திசையை மட்டும் மாற்றுகிறது. ஆனால் மடை இல்லாமல் அந்தப் பாத்தி நனையாது.

#11 ரீவைண்டிங் கடை

எல்லாரும் கம்பியின் மேல் விசை, கம்பியின் மேல் விசை என்கிறீர்கள். நான் முப்பது வருடமாகக் கம்பியைக் கையில் வைத்திருப்பவன். எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. பெரியவர்கள் யாராவது தீர்த்து வைத்தால் நல்லது.

மோட்டாரின் அசையாத பாகமான ஸ்டேட்டரைப் பிரித்தால் வட்டமாகப் பல் பல்லாக இரும்பு ஸ்டாம்பிங், பல்லுக்குப் பல் நடுவே ஸ்லாட். ஸ்லாட்டுக்குள் முதலில் இன்சுலேஷன் பேப்பர், அதற்குள் காயில், மேலே வாயை அடைக்க ஒரு மூங்கில் சீவல். 10 எச்.பி. மோட்டாரின் முறுக்கு விசை முழுவதும் அந்தக் கம்பிகள் மேல் விழுகிறது என்றால், பேப்பர் ஒரு பக்கமாக நசுங்கியிருக்க வேண்டும் இல்லையா? இருபது வருடம் ஓடிய மோட்டாரைப் பிரித்திருக்கிறேன். பேப்பர் பழுத்துப் பழுப்பாக இருக்கும், விரல் வைத்தால் பொடியும். ஆனால் ஒரு பக்கம் நசுங்கி ஒரு பக்கம் தளர்ந்து இருந்ததில்லை. கம்பிகள் வரிசை கலையாமல் அப்படியே இருக்கும். விசை கம்பி மேல்தான் என்றால் அதன் தடயம் எங்கே?

#12 மின்பொறியாளன்

அண்ணா, உங்களை வணங்குகிறேன். கண்ணால் பார்த்தே இதைப் பிடித்திருக்கிறீர்கள்.

உங்கள் சந்தேகம் சரிதான். ஸ்லாட் உள்ள மோட்டாரில் விசையின் பெரும்பகுதி செம்பின் மேல் விழுவதில்லை, இரும்புப் பற்களின் மேல் விழுகிறது. காந்தக் கோடுகளுக்கு இரும்பு வழியாகப் போவது காற்று வழியாகப் போவதைவிடப் பல மடங்கு சுலபம். அதனால் ஏறக்குறைய எல்லாக் கோடுகளும் பல் வழியாகப் போய்விடும். கம்பி படுத்திருக்கிற ஸ்லாட்டுக்குள் புலம் மிகக் குறைவு. கம்பியின் கரண்ட், பல்லின் ஒரு பக்கத்தில் கோடுகளை நெருக்கமாகவும் மறுபக்கத்தில் தளர்வாகவும் ஆக்குகிறது. நெருக்கமான பக்கம் பல்லை இழுக்கிறது. முறுக்கு விசை அங்கிருந்துதான் வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், கம்பி ஸ்லாட்டில் இல்லாமல் காற்று இடைவெளியில், முழுப் புலத்திலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு கரும்பலகை ஐயாவின் பெருக்கலைப் போட்டாலும் மொத்த முறுக்கு விசை சரியாகவே வரும். அதனால்தான் பாடப் புத்தகங்கள் எல்லாவற்றையும் கம்பியின் மேலேயே வைத்துச் சொல்லிவிடுகின்றன. விடை சரி, இடம் வேறு. ஸ்லாட் மட்டும் இல்லாவிட்டால் நீங்கள் நசுங்கிய பேப்பரைப் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் ஒரு இடத்தில் கம்பியின் மேலேயே விசை விழுகிறது. ஸ்லாட்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் காயில் வளைந்து தலை நீட்டுகிறதே, அங்கே. நூல் போட்டு இழுத்துக் கட்டி வார்னிஷ் ஊற்றுகிறீர்கள் அல்லவா, அது அழகுக்கு இல்லை. ஒரே திசையில் கரண்ட் ஓடும் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று இழுக்கும், எதிர்த்திசையில் ஓடினால் விலக்கும். ஆர்ஸ்டெட் செய்தி வந்த அதே 1820இல் பாரிஸில் ஆம்பியர் காட்டியது இது. விசை சின்னதுதான். ஒரு மீட்டர் இடைவெளியில் 1 ஆம்பியர் ஓடும் இரண்டு நீளக் கம்பிகளுக்கு நடுவே, மீட்டருக்கு ஒரு நியூட்டனில் ஒரு கோடியில் இரண்டு பங்கு. 1948 முதல் 2019 வரை உலகம் ஆம்பியர் என்ற அலகை வரையறுத்ததே அந்த விசையை வைத்துத்தான். ஆனால் காயில் தலையில் கம்பிகள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன, ஸ்டார்ட் ஆகும்போது கரண்ட் ஆறு மடங்கு. இரண்டு கம்பியிலும் ஆறு மடங்கு என்றால் விசை 36 மடங்கு. ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் அந்தத் தலை ஒரு உலுக்கு வாங்குகிறது.

#13 ரீவைண்டிங் கடை

நன்றி தம்பி. தலைக்கட்டு தளர்ந்த மோட்டார்கள் அந்த இடத்திலேயே எனாமல் உரசி ஷார்ட் ஆகி வருவதைப் பார்த்திருக்கிறேன். நம் கை வேலை சரியில்லை என்று நினைத்துக்கொள்வேன். இப்போது காரணம் தெரிகிறது. நாளைக்கே பையன்களுக்குச் சொல்லிவிடுகிறேன், நூல் கட்டில் சிக்கனம் வேண்டாம் என்று.

#14 தோட்டத்துக்காரன்

எனக்கு இன்னும் ஒன்று. ரீவைண்டிங் கடைக்காரரிடம் என் மோட்டார் மாதிரி ஒன்றைப் பிரித்தபோது பார்த்தேன். சுற்றுகிற ரோட்டாருக்கு ஒரு கம்பிகூடப் போகவில்லை. பிரஷ் இல்லை, காந்தமும் இல்லை. வெறும் இரும்பு உருளை. கரண்ட்டே போகாத ஒன்றை எந்த விசை சுற்றும்?

#15 ரீவைண்டிங் கடை

கரண்ட் போகிறது, வெளியிலிருந்து இல்லை. அந்த உருளைக்குள் அலுமினியமோ செம்போ கம்பிகளாக ஓடி, இரண்டு முனையிலும் வளையத்தில் சேர்ந்திருக்கும். அணில் கூண்டு என்று சொல்வது அதைத்தான். மூன்று ஃபேஸும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்குவதால் ஸ்டேட்டருக்குள் காந்தப்புலம் தானாகவே சுற்றிவரும். எந்தப் பாகமும் அசையாது, புலம் மட்டும் சுற்றும். அது கூண்டுக் கம்பிகளை வெட்டிக்கொண்டு போகும்போது அவற்றில் கரண்ட் பிறக்கிறது. பிறந்த கரண்ட்டை அதே புலம் தள்ளுகிறது.

உங்கள் மோட்டாரின் தகட்டைத் துடைத்துப் பாருங்கள். நான்கு போல் (காந்த முனை) மோட்டார் என்றால் புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று. தகட்டில் 1440 என்று போட்டிருக்கும். போர்வெல் மோட்டார் பெரும்பாலும் இரண்டு போல், புலம் 3000, தகட்டில் 2880 போல இருக்கும். அந்த வித்தியாசத்தை நஷ்டம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது இல்லாவிட்டால் மோட்டாரே இல்லை. ரோட்டார் புலத்தை எட்டிப் பிடித்துவிட்டால் வெட்டுவதற்கு ஒன்றுமில்லை, கரண்ட் பிறக்காது, தள்ளு நின்றுவிடும். எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே ஓட வேண்டும்.

வீட்டுச் சீலிங் ஃபேனும் பெரும்பாலும் இந்த ஜாதிதான், நடுவில் ஸ்டேட்டர், மூடி மாதிரி வெளியே சுற்றுவது ரோட்டார். ஒரே ஃபேஸ் என்பதால் புலம் சுற்றாது, ஒரே இடத்தில் ஏறி இறங்கும். அதைச் சுற்ற வைக்க இன்னொரு காயிலுக்குக் கண்டன்சர் வழியாகக் கரண்ட் கொடுத்து நேரத்தைத் தள்ளி வைக்கிறோம், பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். கண்டன்சர் செத்தால் ஃபேன் முனகிக்கொண்டு நிற்கும். குச்சியால் எந்தப் பக்கம் தள்ளிவிட்டாலும் அந்தப் பக்கமே மெதுவாக ஓடும். திசை சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

எரிந்த மோட்டார் வந்தால் நான் மீட்டர் வைப்பதற்கு முன்னால் காயிலைப் பார்ப்பேன். எல்லாக் குரூப்பும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் ஓவர்லோட், இறுக்கம். மூன்று ஃபேஸ் காயிலும் ஒரு புள்ளியில் சேரும் ஸ்டார் இணைப்பில் இரண்டு ஃபேஸ் கறுத்து ஒன்று மட்டும் புதிது மாதிரி பொன்னிறமாக இருந்தால் லைனில் ஒரு ஃபேஸ் போயிருக்கிறது. முக்கோணமாக இணைந்த டெல்டாவில் அதுவே ஒன்று கறுத்து இரண்டு நன்றாக இருக்கும். உங்களுடையது எப்படி இருந்தது?

#16 தோட்டத்துக்காரன்

எல்லாம் ஒரே கறுப்பு. இறுக்கம்தான், சரி.

கேட்க மறந்தது: பாப்பா செய்ததில் காந்தம் கம்பியைத் தள்ளுகிறது. கம்பி காந்தத்தைத் தள்ளாதா? கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டால் காந்தம் சுற்றுமா?

#17 கரும்பலகை

கட்டாயம் தள்ளும். ஃபாரடேயே 1821இல் இரண்டையும் செய்தார். ஒரு கிண்ணத்தில் கம்பி காந்தத்தைச் சுற்றியது, இன்னொன்றில் காந்தம் கம்பியைச் சுற்றியது.

பாப்பாவே செய்து பார்க்கட்டும். ஓர் இரும்புத் திருகாணியின் தலையில் வட்டக் காந்தத்தை ஒட்டி, திருகாணியின் கூர்முனையைப் பேட்டரியின் அடியில் தொங்கவிட வேண்டும். காந்தம் ஏற்றிய இரும்பு என்பதால் தானே பிடித்துக்கொள்ளும். பேட்டரியின் மறுமுனையிலிருந்து ஒரு கம்பியைக் கொண்டுவந்து காந்தத்தின் ஓரத்தை மெல்லத் தொட வேண்டும்.

ஜாக்கிரதையாகச் செய்ய வேண்டியவை உண்டு. இவை எல்லாம் ஏறக்குறைய ஷார்ட் சர்க்யூட். சில நொடிக்கு மேல் விடக் கூடாது, பேட்டரி கை சுடும். லேப்டாப்பிலிருந்து எடுத்த லித்தியம் செல்லை இதற்கு எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். கறுப்பு ஸ்பீக்கர் காந்தம் மின்சாரத்தைக் கடத்தாது, அதைப் பயன்படுத்தினால் மேலே அலுமினியத் தாள் சுற்ற வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், இந்தச் சின்ன வெள்ளிக் காந்தங்கள் கைக்குழந்தைகள் இருக்கும் இடத்தில் வேண்டாம். இரண்டை விழுங்கிவிட்டால் குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் வைத்து ஒட்டிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து.

#18 தாமிரபரணி

கண்காட்சி முடிந்தது. எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

மேசையில் மூன்று வைத்தாள். இதயக் கம்பி, பல்பு போட்ட பொம்மை மோட்டார், திருகாணி. இதயக் கம்பிக்குக் கூட்டம் வந்தது, ஆனால் நின்றது பல்புக்குத்தான். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் அச்சைப் பிடிப்பான், பல்பு எரியும், விடுவான், மங்கும். பத்து தடவையாவது செய்திருப்பான். கடைசியில், "அக்கா, இதைப் பிடிச்சா இதுக்குக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டான். மகள், "ஆமா, அதான் நிறைய கரண்ட் கேக்குது" என்றாள். அந்தப் பதிலில் தப்பு இருக்கிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

திருகாணி வீட்டில் நான்கு தடவை கீழே விழுந்தது. பள்ளியில் ஒரே தடவையில் நின்றது. கம்பி நுனி ஓரத்தைத் தொட்டதும் காந்தம் சுற்றுவது தெரியவே இல்லை, அவ்வளவு வேகம். அசையாமல் தொங்குகிறது என்றே நினைத்தோம். மகள் காந்தத்தின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். மறுபடி தொட்டதும் புள்ளி சிவப்பு வளையமாகிவிட்டது.

#19 மின்பொறியாளன்

பதில் சரிதான் அக்கா. ஒரு திருத்தம் மட்டும். மோட்டார் கேட்கவில்லை, தடுப்பது நின்றுவிட்டது. அடுத்த முறை அந்தப் பையன் வந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டு அச்சை விரலால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு முறுக்கைப் பிரித்துவிட்டுச் சுற்றச் சொல்லுங்கள். எது இறுக்கமாக இருக்கிறது என்று அவன் விரலே சொல்லும்.

#20 தாமிரபரணி

இப்போதே செய்து பார்த்தோம். முறுக்கியிருக்கும்போது இறுக்கம்! பேட்டரியே இல்லை, ஆனால் யாரோ உள்ளே இருந்து பிடிப்பது மாதிரி இருக்கிறது. ஏன் என்று கேட்டு நோட்டில் புதுப் பக்கம் திறந்துவிட்டாள்.